வளாகத்துக்கு 10 ஜிகாபிட் வந்த பிறகும் விடுதி அறைக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: பெங்களூருவில் ஆய்வு மாணவர் ஒருவர், மே 3, 2025

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு 10 ஜிகாபிட் இணைப்பு வந்துவிட்டதாகச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். ஆனால் விடுதியில் இரவு 9 மணிக்கு மேல் மின்னஞ்சல்கூடத் திறப்பதில்லை. ஆய்வகத்திலிருந்து தில்லியில் உள்ள கூட்டாய்வுக் குழுவுக்குத் தரவு அனுப்பினாலும் ஊர்ந்துதான் போகிறது. தனியார் நிறுவனம் ஒன்றிடம் இரண்டாவது இணைப்பும் வாங்க வேண்டும் என்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதை வாங்கினால் சிக்கல் தீருமா? கணினி மையங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மே 3, இரவு 10.50

தீராது. கையெழுத்து வாங்குவதை நிறுத்த வேண்டாம். மனுவில் கேட்கும் பொருளை மட்டும் மாற்றுங்கள்.

நான் இதே நகரில் வேறொரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வலையமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடமும் வேகம் குறையும்போதெல்லாம் முதலில் எழும் கோரிக்கை, வெளி இணைப்பைப் பெருக்க வேண்டும் என்பதுதான். நிர்வாகத்துக்கும் அது எளிது: ஒரு கோப்பு நகர்ந்தால் போதும், சுவரைத் துளைக்க வேண்டாம், பள்ளம் தோண்ட வேண்டாம், சுற்றறிக்கையில் போட ஒரு பெரிய எண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த எண் வளாகத்தின் எல்லையில் இருக்கும் ரவுட்டருக்கு உரியது. அங்கிருந்து உங்கள் மேசை வரை மைய சுவிட்ச் (கேபிள்களை இணைத்துத் தரவைப் பிரித்தனுப்பும் பெட்டி), கட்டடங்களுக்கு இடையே புதைத்த ஃபைபர், படிக்கட்டுக்கு அடியில் பூட்டிக்கிடக்கும் ரேக், சுவருக்குள் ஓடும் செப்புக் கேபிள், கடைசியில் காற்று என ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அவற்றுள் எது மிகவும் ஒடுங்கியதோ அந்த வேகம்தான் உங்கள் கைக்கு வரும்.

ஊகித்து எழுத விரும்பவில்லை. மூன்று அளவுகளை எடுத்துத் தாருங்கள். இரவு 10 மணிக்கு விடுதி வைஃபையில் இருந்தபடி கேட்வே முகவரிக்குப் (உங்கள் கருவி வெளியே போக முதலில் அணுகும் ரவுட்டர்) பிங் செய்யுங்கள், அதாவது சிறு சோதனைச் செய்தி அனுப்பி அது போய்த் திரும்பும் நேரத்தை அளவிடுங்கள். அதே நேரத்தில், அதே அறையின் சுவர் போர்ட்டில் கேபிளைச் செருகி மறுபடியும் பிங் செய்யுங்கள். மூன்றாவதாக, ஆய்வகக் கணினியிலிருந்து தில்லி சர்வருக்கு இரவு முழுவதும் பிங் ஓடட்டும். நூறு பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பிவிட்டு "ஒன்றுகூடத் தொலையவில்லை" என்று எழுதாதீர்கள். மூன்றாவது அளவுக்குப் பல ஆயிரம் வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மே 4, காலை

அப்படியானால் எல்லோரும் ஏன் வெளி இணைப்பைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு காலத்தில் அந்தப் பேச்சு முற்றிலும் சரியாக இருந்தது என்பதே காரணம்.

1986-இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் வலையமைப்பைத் தொடங்கியபோது அதில் எட்டு நிறுவனங்கள் இருந்தன: தில்லியில் அந்தத் துறை, மும்பையில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், நம் பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள். 1989-இல் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிடைத்த குத்தகைத் தடத்தின் வேகம் விநாடிக்கு 9,600 பிட். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல்தான். அந்த ஆண்டுகளில் வளாகத்துக்குள் விநாடிக்கு 10 மெகாபிட் ஓடிய ஈதர்நெட், வெளியே போகும் தடத்தைவிட ஆயிரம் மடங்கு அகலமானது. வெளித்தடத்தை ஒரு மடங்கு பெருக்கினால் வளாகம் முழுவதும் அதை உணர்ந்தது.

2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை, கல்வி, ஆய்வு நிறுவனங்களை அதிவேகத்தில் இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. அதன்பின் பல்கலைக்கழகங்களுக்கு 1 ஜிகாபிட்டும் பிறகு 10 ஜிகாபிட்டும் வரத் தொடங்கின. 9,600 பிட்டோடு ஒப்பிட்டால் இன்றைய 10 ஜிகாபிட் ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு. பல வளாகங்களில் உட்புறக் கேபிள்கள் அந்த வேகத்தில் வளரவில்லை. ஒடுக்கம் இடம் மாறிவிட்டது, கோரிக்கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

மே 5, இரவு

அளவுகளைப் பார்த்தேன். கேபிளில் கேட்வேக்குப் போய்த் திரும்ப 1 மில்லி விநாடிகூட ஆகவில்லை. வைஃபையில் 150 முதல் 600 வரை தாவுகிறது. நூற்றில் ஏழெட்டு பாக்கெட் தொலைகிறது. கேட்வே வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே உங்கள் விடுதித் துன்பம் முழுவதும் வளாகத்துக்குள், அதிலும் உங்கள் கைப்பேசிக்கும் நடைக்கூரையில் வைஃபை அலையைத் தரும் ஆக்சஸ் பாயின்டுக்கும் இடையிலுள்ள சில மீட்டருக்குள் நடக்கிறது. நூறு ஜிகாபிட் வாங்கினாலும் இந்தச் சில மீட்டரை அது தொடாது.

வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஓர் அலைவரிசைத் துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். கல்யாணப் பந்தியில் ஒரே ஒருவர் மட்டும் பரிமாறுவதைப் போல, இலைகள் கூடக்கூட ஒவ்வொருவரின் காத்திருப்பும் கூடுகிறது. தொலைவில் இருப்பவரின் கைப்பேசி மெதுவான வேகத்தில் பேசும். அதே அளவு தரவுக்கு அது அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும். அருகில் இருப்பவரும் அதனால் காத்திருப்பார். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. நீண்ட நடையில் எட்டு ஆக்சஸ் பாயின்ட் தொங்கினால் அவற்றில் இரண்டு மூன்று ஒரே சேனலில்தான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஐந்து வைஃபை பெயர்கள் தெரிகின்றன: மாணவர், ஆசிரியர், விருந்தினர், தேர்வு, பழைய பெயர் ஒன்று. ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் விநாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு சுமார் 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். பழைய கருவிகளுக்காக அது 1 மெகாபிட் வேகத்தில் போகும்படி விடப்பட்டிருந்தால், ஒரு முறைக்கு 2.4 மில்லி விநாடி, ஆக ஒரு பெயருக்குக் காற்று நேரத்தில், அதாவது அந்தச் சேனலில் பேசக் கிடைக்கும் நேரத்தில், 2.4 சதவீதம். ஐந்து பெயர், ஒரே சேனலில் ஒன்றையொன்று கேட்கும் மூன்று ஆக்சஸ் பாயின்ட் என்றால் 36 சதவீதம். யாரும் ஒரு பைட் தரவும் அனுப்பாதபோதே மூன்றில் ஒரு பங்கு காற்று தீர்ந்துவிட்டது. பெயர்களை இரண்டாகக் குறைத்து, மிகக் குறைந்த வேகங்களை அணைப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது 5 ஜிகாஹெர்ட்ஸ். 2018 அக்டோபரில் அந்தப் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும்படி நம் நாட்டில் திறந்துவிடப்பட்டது. சேனல்கள் அங்கே தாராளம். ஆனால் அந்த அலை செங்கல் சுவரையும், இந்த ஊரின் பழைய கட்டடங்களில் உள்ள கருங்கல் சுவரையும் எளிதில் கடக்காது. நடையில் தொங்கும் ஆக்சஸ் பாயின்டுகள் நடையில் நடப்பவர்களுக்குத்தான் சிறப்பாக உதவுகின்றன. இரண்டு அறைக்கு ஒன்று என்று அறைக்குள்ளேயே, குறைந்த சக்தியில், சிறிய கருவிகளைச் சுவரில் பொருத்துவதுதான் விடுதிக்குச் சரி என்பது என் உறுதியான கருத்து. சக்தியைக் கூட்டினால் எட்டும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆக்சஸ் பாயின்டின் குரல் உங்களை எட்டும், உங்கள் கைப்பேசியின் குரல் திரும்பிப் போகாது. திரையில் எல்லாக் கோடும் தெரியும், பக்கம் திறக்காது.

மே 6

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, தங்கள் விடுதிக்கு நூறு புதிய ஆக்சஸ் பாயின்ட் வாங்கியும் பயன் இல்லை என்று எழுதியவருக்கு: அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரவு வரும் அதே கேபிள் வழியாகச் சுவிட்சிலிருந்துதான் அவை மின்சாரம் பெறும். பழைய சுவிட்சின் போர்ட் 15.4 வாட் தரும். புதிய கருவிகள் பலவும் 30 வாட் கேட்கும். அது கிடைக்காதபோது கருவி அணைந்து போவதில்லை. தன் ரேடியோக்களில் ஒன்றை நிறுத்திவிட்டு அமைதியாக ஓடும். புகார் வரும், ஆனால் எந்த விளக்கும் சிவப்பாகாது. 24 போர்ட் சுவிட்ச் என்றால் 24 கருவிக்கும் முழுச் சக்தி கிடைக்கும் என்பதும் இல்லை. 370 வாட் பவர் சப்ளை உள்ள சுவிட்ச், 30 வாட் வீதம் 12 கருவிகளைத்தான் தாங்கும். டெண்டரில் போர்ட் எண்ணிக்கையை மட்டும் எழுதி, வாட்டை எழுதாமல் விட்டால் விலை குறைந்த பெட்டிதான் வந்து சேரும்.

மே 6, இரவு

"சிக்னல் முழுமையாக இருக்கிறது, ஐ.பி. முகவரி பெறுகிறது என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது." இப்படி வந்த புகார் காற்றின் குறை இல்லை, முகவரிப் பஞ்சம்: வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். ஒரு மாடிக்கு 254 முகவரி ஒதுக்கிய காலத்தில் ஒருவரிடம் ஒரு கருவி இருந்தது. இன்று கைப்பேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம் என்று மூன்று. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 முதலும் 2020-இல் ஐ.ஓ.எஸ். 14 முதலும் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு மாற்று வன்பொருள் முகவரியைக் காட்டுகின்றன. ஆகவே ஒரே கைப்பேசி மூன்று பெயர்களில் மாறி மாறிச் சேர்ந்தால் முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரின் கண்ணுக்கு அது மூன்று கருவி. ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரம் முகவரியைப் பிடித்துவைத்தால், மதியம் வந்துபோனவரின் முகவரி இரவு வரை முடங்கிக் கிடக்கும். வைஃபை பகுதிகளுக்கு முகவரித் தொகுதியை விரிவாக்கி, பிடிப்பு நேரத்தை ஒரு மணி, இரண்டு மணி என்று குறைத்தால் இது தீரும். முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய வகையான ஐ.பி.வி6-ஐயும் கூடவே இயக்குங்கள். ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது.

மே 8

5ஜி வந்துவிட்டது, வளாகங்களில் கேபிளே தேவையில்லை, எல்லோருக்கும் சிம் கொடுத்துவிடலாம் என்ற வாதத்துக்குப் பதில்.

விடுதியில் படம் பார்ப்பதற்கு அது உதவலாம். ஆய்வுக்கு உதவாது. உயிரியல் துறையின் நுண்ணோக்கி ஒரே இரவில் ஒரு டெராபைட் தரவைச் சேர்த்துவிடும். அதை 100 மெகாபிட் வழியாக நகர்த்த 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட் ஃபைபரில் கணக்குப்படி 14 நிமிடத்துக்குள் முடியும். இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா மீக்கணினியின் திறன் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ், அதாவது விநாடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்கீடு. அத்தகைய கணினிக்குத் தரவு ஊட்டும் வேலையை எந்தக் கைப்பேசிக் கோபுரத்திடமும் ஒப்படைக்க முடியாது.

நூலகமும் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத் திறக்கப்படுகின்றன. இதழ்த் தளங்கள் வளாகத்தின் முகவரியைப் பார்த்தோ, நிறுவன லாகினைச் சரிபார்த்தோதான் உள்ளே விடுகின்றன. இரண்டையும் பராமரிப்பது வளாக வலையமைப்புதான்.

மே 9

மைசூரு சாலையில் உள்ள கல்லூரி ஒன்றில் கணினி மையத்தைப் பார்த்துக்கொள்பவர் எழுதியிருக்கிறார்: புதிய 10 ஜிகாபிட் சுவிட்சுகள் வந்துவிட்டன, இரு கட்டடங்களுக்கும் இடையே 180 மீட்டர், ஃபைபர் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் இணைப்பு எழவே இல்லை, 1 ஜிகாபிட்டில் போட்டால் ஓடுகிறது. சுவிட்ச் பழுது என்று விற்றவரிடம் சண்டை நடக்கிறதாம்.

சுவிட்சின் மீது பழி போட வேண்டாம். கேபிளின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 62.5 மைக்ரான் (ஒளி செல்லும் உட்கருவின் அகலம்) என்றிருந்தால் அது முதல் தலைமுறை மல்டிமோட் ஃபைபர், ஒளி பல வழிகளில் பரவிப் போகும் வகை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பல வளாகங்களில் புதைத்தது. அதில் 1 ஜிகாபிட் சுமார் 220 முதல் 275 மீட்டர் வரை ஓடும். வழக்கமான 10 ஜிகாபிட் மாட்யூல் (சுவிட்சில் செருகி ஒளியை அனுப்பும் சிறு கருவி) 33 மீட்டர்தான் ஓடும். பின்னால் வந்த ஓ.எம்.3 வகையில் 300 மீட்டர். ஒளி ஒரே வழியில் போகும் சிங்கிள்மோட் ஃபைபரில், அதற்குரிய மாட்யூலுடன், 10 கிலோமீட்டர். அவசரத்துக்கு எல்.ஆர்.எம். என்ற வகை மாட்யூல் இருக்கிறது. பழைய ஃபைபரிலும் 220 மீட்டர் வரை தாங்கும், அதற்கென்ற தனிப் பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குறுகிய இணைப்புக் கேபிள்) போட வேண்டும். ஆனால் அதை ஓராண்டுக்கான தீர்வாக மட்டும் எண்ணுங்கள்.

புதிதாகப் புதைக்கும்போது சிங்கிள்மோட் மட்டும் போடுங்கள். 6 கோர் (ஆறு ஃபைபர் இழை) போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். செலவில் பெரும் பங்கு பள்ளத்துக்கும் கேபிள் ஓடும் குழாயான டக்டுக்கும் சாலையை மீண்டும் போடுவதற்கும் போகிறது. 6 கோருக்கும் 48 கோருக்கும் உள்ள விலை வேறுபாடு அதன் அருகில் சிறியது. தோண்டிய பள்ளத்தில் ஒரு வெற்று டக்டையும் கூடவே இறக்கிவிட வேண்டும். இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமை வருகிறது. நல்ல சாலையை வெட்டி, தோண்டி, 6 கோர் போட்டு மூடிவிட்டு, அடுத்த மூன்றாவது ஆண்டில் அதே இடத்தை மறுபடியும் வெட்டியதை நேரில் நின்று பார்த்திருக்கிறேன்.

மே 11

நேற்று மாலை இடியும் மழையும். இன்று காலை முதல் இரண்டு வளாகத்தார் ஒரே புகாரை எழுதியிருக்கிறார்கள்: ஒரு விடுதிக் கட்டடத்தில் சுவிட்சின் சில போர்ட்டுகள் மட்டும் செத்துவிட்டன. இருவருக்கும் ஒரே கேள்வி: பக்கத்துக் கட்டடத்துக்கு மொட்டைமாடி வழியாக செப்புக் கேபிள் இழுத்திருக்கிறீர்களா? இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரே நிலையில் இருப்பதில்லை. அருகில் எங்கோ இடி இறங்கினால்கூட அந்த வேறுபாடு கேபிள் வழியாகப் பாய்ந்து போர்ட்டை எரித்துவிடும். கட்டடத்துக்கு வெளியே போவது எதுவானாலும் ஃபைபராக இருக்கட்டும், தொலைவு 20 மீட்டரே ஆனாலும். எஃகுக் கவசம் உள்ள ஃபைபர் என்றால் கவசத்தைக் கட்டட நுழைவிலேயே எர்த் செய்ய வேண்டும். அதை ரேக் வரை கொண்டுவந்தால் செப்பைத் தவிர்த்த பயன் போய்விடும்.

மரத்துக்கு மரம் தொங்கவிட்ட கேபிள்களைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரல், மே காற்றில் இந்த ஊரில் கிளை முறியாத வளாகம் இல்லை, மீதியை அணில் பார்த்துக்கொள்ளும். தற்காலிகம் என்று தொங்கவிட்டதைப் புதைக்கும் தேதியை அன்றே எழுதி வையுங்கள்.

மே 13

தில்லித் தரவுக்கு வருகிறேன். மே 4 குறிப்பு, வளாகத்தின் எல்லா மந்தத்துக்கும் உட்புற அகலம் குறைந்ததே காரணம் என்ற எண்ணத்தைத் தந்திருக்கலாம். இந்தச் சிக்கல் வேறு வகை. அகலம் போதுமான அளவு இருந்தும் வேகம் வராத வகை.

இரவு முழுவதும் ஓடிய பிங்கின் விளைவு: போய்த் திரும்ப 42 மில்லி விநாடி, சுமார் 30,000 பாக்கெட்டில் மூன்று தொலைந்திருக்கின்றன. "மூன்றுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றுதான் உங்கள் வேகத்தைத் தின்கிறது. தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டி.சி.பி., ஒரு பாக்கெட் தொலைந்தால் பாதை நெரிசலாக இருக்கிறது என்று கருதித் தன் வேகத்தை வெட்டிக்கொள்ளும். மறுபடியும் ஏறுவதற்கு, போய்த் திரும்பும் நேரத்தைப் படியாக வைத்துப் படிப்படியாக ஏறும். பாதை நீளமானால் ஏறுவதும் மெதுவாகும். இதற்கு நன்கு அறியப்பட்ட கணக்கு ஒன்று உண்டு: 1,460 பைட் பாக்கெட், 42 மில்லி விநாடி, பத்தாயிரத்தில் ஒன்று இழப்பு என்றால் ஓர் இணைப்புக்குக் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 34 மெகாபிட். நீங்கள் பார்ப்பது 30. வெளித்தடம் 10 ஜிகாபிட் என்றாலும் 100 ஜிகாபிட் என்றாலும் இந்த விடை மாறாது.

அதே இழப்பு இருக்கும்போது, வளாகத்துக்குள்ளேயே உள்ள சர்வருக்கு, 1 மில்லி விநாடித் தொலைவுக்கு, அதே கணக்கு 1.4 ஜிகாபிட் தரும். 1 ஜிகாபிட் போர்ட்டில் அமர்ந்திருப்பவருக்குக் குறையே தெரியாது. அதனால்தான் உங்கள் கணினி மையத்தார் சோதித்துப் பார்த்து "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குறை தென்படாத தொலைவில் நின்று அளக்கிறார்கள்.

எங்கே தேடுவது? உங்கள் ஆய்வகக் கட்டடத்திலிருந்து மைய சுவிட்சுக்குப் போகும் ஃபைபர் போர்ட்டில் சி.ஆர்.சி. பிழை (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்) எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரு முனையிலும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு முனை அனுப்பும் கெட்ட பாக்கெட்டை மறுமுனைதான் எண்ணும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் முதலில் கனெக்டரைத் துடையுங்கள். சிங்கிள்மோட் ஃபைபரில் ஒளி செல்லும் உட்கரு சுமார் 9 மைக்ரான்; ஒரு தூசி அதன் பெரும் பகுதியை மறைத்துவிடும். அதற்கென்று உள்ள கிளீனர் பேனாவால் துடைக்க வேண்டும், சட்டை நுனியால் அல்ல.

மே 14

"எங்கள் ஃபயர்வாலைத் தூக்கிவிட்டால் வேகம் வருமா?" தூக்க வேண்டாம். வெளியிலிருந்து வரும் தீங்கைத் தடுக்கும் அந்தப் பெட்டி விடுதிக்கும் அலுவலகத்துக்கும் வேண்டும். ஆனால் பல்லாயிரம் சிறிய இணைப்புகளைச் சோதிக்க வடிவமைத்த பெட்டி, ஒரே ஒரு பெரிய தரவோட்டத்தை முழு வேகத்தில் விடுவதில் திணறும். பெரும் தரவு அனுப்பும் சர்வர்களை மட்டும் எல்லை ரவுட்டருக்கு அருகில் தனிப் பகுதியில் வைத்து, யார் யாருடன் பேசலாம் என்பதை ரவுட்டரிலேயே கண்டிப்பாக வரையறுக்கும் முறையை அமெரிக்காவின் ஆய்வு வலையமைப்பான ஈ.எஸ்.நெட் பரவலாக்கியது. அதற்கு சயின்ஸ் டி.எம்.இசட். என்று பெயர். உங்கள் துறைக்குப் பொருந்தும். ஆனால் முதலில் கனெக்டர்.

மே 16

தினமும் பத்து முறை லாகின் பக்கம் எழுகிறது என்ற புகார் நியாயமானது. உலாவியில் லாகின் கேட்கும் முறையை விட்டு, கருவியே ஒரு முறை சான்று காட்டிச் சேரும் 802.1எக்ஸ் முறைக்கு மாறச் சொல்லுங்கள். அப்படி மாறிய வளாகம் எடுரோமில் சேர்வதும் எளிது. 2003 வாக்கில் ஐரோப்பாவில் தொடங்கிய அந்த ஏற்பாட்டை இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது. அதில் சேர்ந்த வளாகத்தின் மாணவர் சென்னையிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உள்ள உறுப்பு வளாகத்தில் நுழைந்தால் கைப்பேசி தானாகவே இணையும்.

மே 18

இதுவரை கருவிகளைப் பற்றியே எழுதினேன். என் மனத்தில் மேலே இருப்பது வேறு.

எங்கள் வளாகத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து கேபிள் பணியில் முடி நரைத்த ஒருவர் இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளர், ஒப்பந்ததாரர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் அழைப்போம். எந்தச் சேம்பருக்குள் (கேபிள்கள் சந்திக்கும் நிலத்தடிக் குழி) எந்த கேபிள் வளைகிறது, நூலகத்துக்குப் பின்னால் புதைத்த டக்ட் எந்த வேம்பின் வேரைச் சுற்றிப் போகிறது, எந்த ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு) மழையில் அவசரமாகப் போடப்பட்டது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. வடிகால் வேலைக்கு ஜே.சி.பி. வந்தால் அவரை முன்னால் நிறுத்திக்கொள்வோம். அவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் ஜே.சி.பி. ஃபைபரை வெட்டியது, இரண்டு துறைகளும் ஒரு விடுதியும் இருண்டன. எங்கே வெட்டுப்பட்டது என்பதை, ஃபைபரில் ஒளியை அனுப்பி அளக்கும் ஓ.டி.டி.ஆர். கருவி மீட்டர் கணக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அந்த மீட்டர் நிலத்தில் எந்த இடம் என்று சொல்ல எங்களிடம் வரைபடம் இல்லை.

அவர் ஓய்வு பெறும் முன் இளம் பொறியாளர்கள் இருவர் அவருடன் வளாகம் முழுவதும் நடந்தார்கள். ஒவ்வொரு சேம்பரையும் திறந்து, எண் எழுதி, படம் எடுத்து, ஒவ்வொரு கோரையும் இரு முனையிலும் ஓ.டி.டி.ஆர். வைத்து அளந்து பதிவு செய்தார்கள். பயன்பாட்டில் இல்லை என்று நாங்கள் நினைத்த பல கோர்கள் நல்ல நிலையில் இருந்தன. பயன்பாட்டில் இருந்த சில, தூக்கி எறியும் நிலையில் இருந்தன. புதிதாக ஃபைபர் புதைக்கக் கேட்டிருந்த ஓர் இடத்தில் அந்தச் செலவே தேவைப்படவில்லை. அந்த நடைக்கு எந்தத் திட்டத்திலும் நிதித் தலைப்பு இல்லை. பெட்டி வாங்க மூலதன நிதி கிடைக்கும், சில நேரம் ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்று வற்புறுத்தியே கிடைக்கும். ஆனால் கேபிளை அளக்கவும், லேபிள் ஒட்டவும், யு.பி.எஸ். பேட்டரி மாற்றவும், அந்த வேலை தெரிந்தவருக்கு நிரந்தரமான, கௌரவமான ஊதியம் தரவும் ஆண்டுதோறும் வரும் பணம் வேண்டும். அதைக் கேட்டால் "பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அடங்கும்" என்று பதில் வருகிறது. ஒப்பந்தத்தில் அது ஒரு வரி, வேலையில் அது பல மாதம்.

பேட்டரி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடி ரேக்குகளில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும். பெங்களூரு குளிர்ந்த ஊர் என்பது படிக்கட்டுக்கு அடியில் காற்றோட்டமின்றி அடைத்த அறைக்குப் பொருந்தாது. மின்சாரம் ஒரு நிமிடம் போனால் சுவிட்ச் அணைந்து, எழுந்து, ஆக்சஸ் பாயின்டுகள் மறுபடியும் ஒவ்வொன்றாகத் தலை தூக்கப் பத்து நிமிடம் ஆகும். "அடிக்கடி நெட் போகிறது" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் செத்த பேட்டரிதான் என்பது என் அனுபவம்.

மே 19

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம் போன்ற சேர்க்கை. பதிவேடு இருந்தால் எல்லாம் முடிந்தது என்று ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் திருத்தாத பதிவேடு ஓராண்டில் நம்பத்தகாததாகிவிடும். நம்பத்தகாத வரைபடத்தைப் பார்த்துத் தோண்டுவது, வரைபடம் இல்லாமல் கவனமாகத் தோண்டுவதைவிட ஆபத்து. கேபிள் ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை, திருத்திய வரைபடமும் ஓ.டி.டி.ஆர். அளவுகளும் கைக்கு வந்த பிறகே விடுவிக்க வேண்டும் என்ற விதியை எங்கள் ஒப்பந்தங்களில் சேர்த்திருக்கிறோம். அதன்பின்தான் வரைபடங்கள் ஒழுங்காக வரத் தொடங்கின.

மே 25

ஆய்வகச் செய்தி மகிழ்ச்சி தருகிறது. கட்டட முனையில் சி.ஆர்.சி. பிழை ஏறிக்கொண்டிருந்தது, கனெக்டரைத் துடைத்தும் நிற்கவில்லை, பேட்ச் கார்டை மாற்றியதும் நின்றது, தில்லிக்கு இப்போது 600 மெகாபிட்டுக்கு மேல் போகிறது என்கிறீர்கள். ஒரு பேட்ச் கார்டின் விலை சில நூறு ரூபாய். பழைய கார்டை உடனே குப்பையில் போடச் சொல்லுங்கள். மேசை இழுப்பறையில் வைத்தால் யாராவது மறுபடியும் எடுத்துச் செருகுவார்கள்.

விடுதி மனுவின் புதிய வரைவைப் படித்தேன். "300 ஆக்சஸ் பாயின்ட் வேண்டும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையை மாணவர்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் நிறைந்த இரவு நேரத்தில் அறை அறையாகச் சென்று அலை அளவு எடுத்து, அதன்படி எண்ணிக்கை முடிவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். காலியான விடுமுறை நாளில் எடுத்த அளவு பயன்படாது. வைஃபை பெயர்களைக் குறைப்பதும் முகவரிப் பிடிப்பு நேரத்தைக் குறைப்பதும் இந்த வாரமே செய்யக்கூடியவை. அவற்றைத் தனியாக முதலில் போடுங்கள், நிதிக் குழுவுக்குப் போகும் கோரிக்கைகளோடு கலந்தால் அவையும் சேர்ந்து காத்திருக்கும். ஃபைபர் அளவுப் பதிவேட்டைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற வரி நன்றாக இருக்கிறது. அதன் கீழே, ஒவ்வொரு ரேக்கிலும் பேட்டரி மாற்றிய தேதி எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பதையும் சேருங்கள். கையெழுத்து வாங்கும் முன் உங்கள் மாடி ரேக்கின் யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று வார்டன் அனுமதியுடன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.